சிவப்புத் துணி கட்டிய கம்பு

லிஃப்ட் வேலை பார்க்கிறவன் எவனையும் நம்பக் கூடாது. "பிரேக் எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்று வாட்ச்மேன் சொல்வான். அதை நம்பிக் கூண்டின் தலைமேல் ஏறி நின்றால், அடுத்த வாரம் நம் படத்துக்கு மாலை போடுவார்கள். இருபத்துமூன்று வருஷத்தில் நான் யார் வாய்ச்சொல்லையும் நம்பி ஏறியது கிடையாது. கம்பிவடத்தைக் கையால் தடவிப் பார்ப்பேன், டார்ச் அடித்துப் பார்ப்பேன், கடைசியில் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து அதுவே பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் கணக்கைப் படிப்பேன். ஆள் பொய் சொல்வான், பெட்டி சொல்லாது. கூட வேலை பார்க்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பேர் டார்ச்சு. என் மனைவி அதன் வாலில் இன்னும் ஓர் எழுத்தை ஒட்டிக் கூப்பிடுவாள்.

அன்றைக்கு நான் பெரிய லென்ஸ் வாங்கப் போனது பறவைக்காக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் தங்கை புருஷனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

மாப்பிள்ளை பேக்கரி வைத்திருக்கிறார். அடுப்படியில் அவர், கல்லாவில் என் தங்கை. புதன்கிழமை கடைக்கு லீவு. பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவரும் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்குப் போய்ப் பறவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். பையில் பன்னும் ஃபிளாஸ்கில் டீயும் அவர் கொண்டுவருவார். பாயும் குறை சொல்வதும் என் பொறுப்பு. இரண்டு பேர் பேசாமல் மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. எங்களுக்கு அது வந்தது.

போன வருஷம் நாணல் ஓரத்தில் ஒரு முக்குளிப்பான் ஜோடி கூடு கட்டியது. ஒரு ஜாண் பறவை. தண்ணீரில் மிதக்கிற மாதிரி குப்பையையும் இலையையும் சேர்த்துக் கூடு போடும். அதன் ஒரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இரை தேடப் போகும்போது முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போகாது. ஈர இலைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு மூடிவிட்டுத்தான் இறங்கும். மேலே பறக்கிற காக்காய்க்கு அது வெறும் குப்பை. ஆனால் யாராவது திடீரென்று கிட்டே போய்விட்டால் மூட நேரம் இருக்காது. சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் முங்கிப் போய்விடும். முட்டை திறந்து கிடக்கும்.

அதனால்தான் மாப்பிள்ளை நாடா வைத்து அளந்து, கூட்டிலிருந்து முப்பது மீட்டரில் ஒரு கம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டினார். அதைத் தாண்டிக் காலே வைக்கக் கூடாது என்று பேச்சு. என்னிடம் இருந்தது பழைய முந்நூறு மில்லிமீட்டர் ஜூம். முப்பது மீட்டருக்கு அது போதாது, பறவை படத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் விழும். இருந்தாலும் பேச்சு பேச்சுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்து எடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் கூடு காலி. ஓடுகள் உடைந்து கிடந்தன. ஒரே ஒரு முட்டை மட்டும் ஜில்லிட்டுப் போய், மேலே ஓர் இலைகூட இல்லாமல் கிடந்தது. யாரோ திடீரென்று பக்கத்தில் போயிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இருக்குமா? இருந்தது. கம்புக்குப் பக்கவாட்டில் புல் மடங்கி, ஓர் ஆள் வயிற்றால் ஊர்ந்துபோன தடம், சேற்றில் கூட்டுப் பக்கம் வரைக்கும். நடுவில் வந்த புதன்கிழமை மாப்பிள்ளை தனியாக ஏரிக்குப் போயிருந்தார். படுத்துக்கொண்டு படம் எடுப்பது அவர் வழக்கம். கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நான் கூட்டுப் பக்கமே போகலை மச்சான், அன்னைக்கு எதிர்க்கரையிலதான் இருந்தேன்" என்றார்.

"பொய் சொல்லாதே. உண்மையைச் சொல்லு" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஏகவசனம் வந்தது. அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார், பையை எடுத்துத் தோளில் போட்டார், நடந்து போய்விட்டார். அன்றிலிருந்து பத்து மாசம். தங்கை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, நானும் பேக்கரிப் பக்கம் போகவில்லை. வேறு கடை பன் வாங்கினோம், ரப்பர் மாதிரி இருந்தது.

இந்த வருஷம் மறுபடியும் முக்குளிப்பான் வந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். எப்படி என்றால், ஏரிக்கு எதிரே பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் என் பராமரிப்பில் இருக்கிறது. அதன் மோட்டார் அறை மொட்டைமாடியில். கதவைத் திறந்தால் ஏரி முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம் மோட்டாருக்கு எண்ணெய் போட்டுவிட்டு வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். போன வருஷம் கூடு இருந்த அதே நாணல் கரையில் ஓர் ஆள் குனிந்து நின்று ஏதோ செய்துகொண்டிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, அடுப்படியில் போடுகிற தொப்பி. கையில் நீளமாக ஏதோ ஒன்று. அடுத்த புதனும் அதே ஆள், அதே குனிவு. என் கேமராவில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு புள்ளி. அதை வைத்துக்கொண்டு யாரையும் ஒன்றும் செய்ய முடியாது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன்.

"பெரிய லென்ஸ் ஒண்ணு வாங்கறேன். ஒரே ஒரு படம், மூஞ்சி தெளிவா தெரியற மாதிரி. அதோட அந்த உறவு முடிஞ்சுது."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "முடிக்கறதுக்குன்னு இவ்ளோ ஆசையா ஒரு மனுஷனை நான் பாத்ததே இல்ல. அந்தப் படம் கிடைச்சா யாரை வெட்டி விடறீங்க தெரியுமா? உங்க கூடப்பொறந்தவளை."

"தப்பு செஞ்சது அவர்."

"சரிங்க டார்ச்சர். போய் வாங்குங்க" என்று என் சட்டையை என் மேலேயே வீசினாள்.

பழைய கேமரா, லென்ஸ் விற்கிற கடை சந்தைத் தெருவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. மூச்சு வாங்க ஏறிப் போனேன். அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு "உபயோகிக்கக் கூடாது" என்று போன மாசம் சிவப்புச் சீட்டு ஒட்டியதே நான்தான், யாரைக் குறை சொல்வது? கடையை நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். ஊரில் படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் அவரை லென்ஸ்காரம்மா என்பார்கள்.

"என்ன வேணும் சார்?"

"அறுநூறு மில்லிமீட்டர். ஜூமா இருக்கணும். கையில தூக்கிட்டு எடுக்கற மாதிரி."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுக்கிறவன் எதற்கு வாங்கினால் என்ன? "பறவைக்கு" என்றேன்.

"என்ன பறவை, எவ்ளோ தூரம்?"

"முக்குளிப்பான். ஒரு நானூறு மீட்டர் இருக்கும்."

நெற்றியில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. "ஒரு ஜாண் பறவை சார் அது. நானூறு மீட்டர்ல அறுநூறு போட்டாலும் புள்ளிதான், அதுக்கு மேல ஒரு அறுநூறு போட்டாலும் புள்ளிதான். அந்தத் தூரத்துல இந்த லென்ஸ்ல ஆள்னு தெரியற அளவுக்கு விழறது மனுஷன் மட்டும்தான். எங்கேருந்து எடுக்கப் போறீங்க?"

"மொட்டைமாடி" என்று உளறிவிட்டேன்.

"மொட்டைமாடி." அவர் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டார். "போன வருஷம் ஒருத்தர் பறவைன்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனார். எதிர் வீட்டு ஜன்னலைப் பாத்துட்டு இருந்திருக்கார். போலீஸ் என் கடைக்கு வந்துச்சு. அதுலேருந்து ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். பெரிய லென்ஸ் கேக்கறவங்க பழைய படம் இருக்கற கார்டைக் காட்டணும். நீங்க என்ன எடுக்கறீங்கன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கு எது சரிப்படும்னும் சொல்லிடுவேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னையா? ஜன்னல் பார்க்கிறவன் என்று என்னையா சந்தேகப்படுகிறாள்? ஒரு ஆளைப் பார்த்ததுமே இப்படி முடிவு கட்டுவது என்ன பழக்கம் என்று மனசுக்குள் பொரிந்தேன்.

"காட்டறேன். ஆனா மொதல்ல நான் லென்ஸைப் பாக்கணும். பாக்காம எதையும் வாங்கற ஆள் இல்ல நான்" என்றேன்.

"தாராளமா" என்று கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு ஜூமை எடுத்து வைத்தார். நான் என் டார்ச்சை எடுத்தேன். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து, முன்பக்கம் கண்ணை வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஏதோ தெரிந்தது.

"பூஞ்சை புடிச்சிருக்கு."

"அது தூசி சார். பூஞ்சைன்னா நூல் நூலா கிளை விட்டிருக்கும். டார்ச் அடிச்சா புது லென்ஸ்லயும் நாலு தூசி தெரியும், படத்துல ஒண்ணும் விழாது."

நன்றாகத்தான் காதில் பூ சுற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். லென்ஸைக் கேமராவில் மாட்டி, ஜன்னல் வழியாக எதிர்த்த கட்டடத்துத் தண்ணீர்த்தொட்டியைப் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு செங்கல்கூட நேராக இல்லை. எல்லாம் நெளிநெளியாக, கலங்கலாக. பிடித்துவிட்டேன்!

"கீழ விழுந்த லென்ஸ் இது. உள்ள கண்ணாடி நகர்ந்திருக்கு. யார் தலையில கட்டப் பாக்கறீங்க?"

லென்ஸ்காரம்மா கோபப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கீழே காட்டினார். எங்களுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு கொட்டகையின் தகரக் கூரை மத்தியான வெயிலில் பளபளவென்று கிடந்தது.

"தகரத்து மேல காத்து கொதிக்குது சார். எந்த லென்ஸ் போட்டாலும் இப்படித்தான் ஆடும். லென்ஸ் நீளமாக நீளமாக நடுவுல இருக்கற காத்தும் சேந்து படத்துல விழும். வெளிய வராந்தால எடுத்துப் பாருங்க."

வராந்தாவின் கடைசியில் லிஃப்ட் கதவு இருந்தது. அதில் என் சிவப்புச் சீட்டு. இருபது மீட்டர் தூரம் இருக்கும், அதை எடுத்தேன். பெரிதாக்கினேன். தேதி தெரிந்தது, கோளாறு எண் தெரிந்தது, அவசரத்தில் நான் கிறுக்கிய கையெழுத்தில் பேனா மை தீர்ந்த இடம்கூடத் தெரிந்தது.

"ஓ, அந்தச் சீட்டு உங்க வேலைதானா?" என்றார் லென்ஸ்காரம்மா. "ஒரு மாசமா எல்லாரும் படி ஏறி வந்து உங்களைத்தான் வாழ்த்திட்டு இருக்காங்க."

லென்ஸ் நன்றாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏமாற்றுகிறாள் என்று நிரூபிக்க முடியவில்லையே என்ற கடுப்புதான் வந்தது. அந்தக் கடுப்பிலேயே பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தேன். நான் எந்தப் படத்தையும் அழிப்பதில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கார்டு, மேலே தேதி எழுதி டப்பாவில் போட்டுவிடுவேன். அதில் போன வருஷத்து முக்குளிப்பான் கார்டை வேண்டுமென்றே பொறுக்கிக் கொடுத்தேன். கூடு காலியான பிறகு அதைத் திறந்து பார்க்கவே எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நான் யார் என்று இவளுக்குத் தெரிய அதைவிட நல்ல அத்தாட்சி வேறென்ன இருக்கிறது?

"முப்பது மீட்டர்லேருந்து எடுத்தது. அளந்து நட்ட கம்புக்குப் பின்னாடி பாய்ல உக்காந்து எடுத்தது. ஒரு அடி முன்னாடி போனது கிடையாது. பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

கம்ப்யூட்டரில் முதல் படம் வந்தது. நாணல், மிதக்கிற கூடு, நகம் அளவுக்குப் பறவை. கூட்டுக்குப் பக்கத்தில் நாணலில் சிக்கிய ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மூடி, கடுகு மாதிரி.

"பரவாயில்லையே. அழகா இருக்கு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கி வந்திருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அவர் அடுத்த படத்துக்குப் போகும் பொத்தானை ஒரு விரலால் தட்டிக்கொண்டே வந்தார். தொண்ணூற்று நான்கு படங்கள். பறவை உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் மஞ்சள் மூடி வளர்ந்துகொண்டே வந்தது. கடுகு பட்டாணியானது. பட்டாணி சட்டைப் பொத்தானானது. அவர் விரல் மெதுவானது.

"எவ்ளோ தூரம்னு சொன்னீங்க?"

"முப்பது மீட்டர். ஜூமைத் திருகி முன்னாடி கொண்டுவந்திருப்பேன், அதான் பெருசா தெரியுது."

"இல்லையே சார்." படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைக் காட்டினார். "மொதல் படத்துலயே முந்நூறு, உங்க லென்ஸோட முழு நீளம். இதுலயும் முந்நூறு. எல்லாத்துலயும் முந்நூறுதான். ஜூம் நகரவே இல்ல."

"அப்போ பறவை கிட்ட வந்திருக்கும்."

"கூட்டைத் தூக்கிட்டா?"

அவர் இன்னொரு எண்ணைத் தொட்டார். "உங்க கேமரா இதையும் எழுதி வெச்சிருக்கு பாருங்க. எவ்ளோ தூரத்துல ஃபோகஸ் புடிச்சுதுன்னு. மொதல் படம் முப்பத்தோரு மீட்டர். இது இருபத்திரண்டு. இது பதினஞ்சு. இது ஒம்போது."

"மெஷின்ல ஏதாவது தப்பா விழுந்திருக்கும்" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. இருபத்துமூன்று வருஷத்தில் எத்தனை வாட்ச்மேன்கள் என்னிடம் அதைச் சொல்லியிருப்பார்கள்!

அவர் மேலும் தட்டினார். தொண்ணூற்றிரண்டாவது படத்தில் பறவை கழுத்தை நீட்டி நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்ணூற்று மூன்றில் பறவை இல்லை, தண்ணீரில் ஒரு வளையம் மட்டும். கடைசிப் படத்தில் கூடு. நான்கு முட்டைகள், வெள்ளை வெளேரென்று, ஓர் இலைகூட மேலே இல்லாமல். மஞ்சள் மூடியில் எழுதியிருந்ததைக்கூடப் படிக்க முடிந்தது. தேதி ஞாயிற்றுக்கிழமை. நேரம் ஏழு நாற்பத்திரண்டு.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை பன் எடுக்க வண்டிக்குப் போயிருந்தார். நான் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவேயில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் தேவலை, இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான் மனசில் ஓடியது. உடம்பு தானாகப் பாயை விட்டு இறங்கியிருக்கிறது. பறவை காணாமல் போனதும் தூறல் போட்டது. கேமரா நனைந்துவிடுமே என்று சட்டைக்குள் சொருகிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன், கம்பு எங்கே இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க மனைவி திட்டிக்கொண்டிருந்தாள்: "என்னதான் பண்றீங்க, முழங்கைல இருக்கற சேறு நாலு தரம் துவைச்சும் போகல." அந்த ஊர்ந்த தடம் என்னுடையது. காக்காய்க்கு முட்டைகளைத் திறந்து வைத்தவன் நான்.

"என்ன சார் ஆச்சு? தண்ணி குடிக்கறீங்களா?"

"அந்தக் கூடு அழிஞ்சு போச்சும்மா. நான் இன்னொருத்தர் மேல பழி போட்டேன்."

யார், எவர் என்று அவர் கேட்கவில்லை. கார்டை உருவி என்னிடம் நீட்டினார். "கண்ணை அதுக்குள்ள விட்டுட்டா கால் என்ன பண்ணுதுன்னு தெரியாது சார். பறவை எடுக்கறவங்களுக்கு வர்ற வியாதி இது. நானும் ஒரு தரம் இடுப்பளவு தண்ணில நின்னுட்டு, எப்படா இறங்கினோம்னு முழிச்சிருக்கேன்."

பிறகு ஜூமை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து இரண்டு கையாலும் வேறொன்றைத் தூக்கி வந்தார். மேஜை அதிர்ந்தது.

"எண்ணூறு. ஜூம் கிடையாது. நாலு கிலோ. கையில தூக்கற லென்ஸ்தானே கேட்டீங்க? அது உங்களுக்கு வேண்டாம். கையில தூக்க முடிஞ்சா ஊர்ந்து போவீங்க. இதை முக்காலியில மாட்டினா உக்காந்த இடத்துலதான் உக்காரணும். முப்பது என்ன, அம்பது மீட்டர்லகூட உங்க பறவை நல்லாவே விழும். ஆனா மொட்டைமாடிலேருந்து மனுஷங்களைத் தேடறதுக்கு இது லாயக்குப்படாது."

கடைசி வாக்கியத்தை என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் டார்ச்சை எடுக்கவில்லை. உள்ளே தூசி இருக்கிறதா என்று பார்க்காமல் நான் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலக் கூட்டம் கலைந்திருந்தது. கல்லாவில் தங்கை. பத்து மாசத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"என்ன வேணும்?" என்றாள், யாரோ ஒரு வாடிக்கையாளரைக் கேட்கிற மாதிரி. அண்ணா என்ற வார்த்தை இல்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"மாப்பிள்ளையைப் பாக்கணும்."

"எதுக்கு? சொல்ல இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இருக்கும்மா."

அவள் என்னை நம்பவில்லை. நம்புவதற்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? ஆனாலும் பலகையைத் தூக்கி வழிவிட்டு, பின்னாலேயே வந்தாள். உள்ளே அடுப்புச் சூட்டில் மாப்பிள்ளை நீள மேஜைமுன் நின்று மாவை உருட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. என்னைப் பார்த்தார், கை நிற்கவில்லை.

வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்.

"மாப்ள, நீங்க இல்ல. நான்தான்."

"தெரியும் மச்சான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி?"

"பன் எடுத்துட்டு வந்தப்ப உங்க முழங்கை ரெண்டுலயும் சேறு. பாய்ல உக்காந்திருக்கறவருக்கு முழங்கைல எப்படிச் சேறு வரும்? அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. அடுத்த வாரம் அந்தத் தடத்தைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். சேற்றை நீதான் என் சட்டையில் பூசினாய் என்று சொல்லியிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அடுப்புக்கும்கூடத் தெரியும்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று வாசலிலிருந்து தங்கை கத்தினாள். "பத்து மாசமா தெரியுமா? என்கிட்டகூடச் சொல்லலையே?"

"சொன்னா நீ நேரா போய் உங்க அண்ணன் மூஞ்சில வீசியிருப்ப" என்றார் மாப்பிள்ளை. "அவரா தெரிஞ்சுக்கட்டும்னு விட்டேன். அந்தக் கார்டு எப்படியும் டப்பாவுலதான் இருக்கும். இவர் எதையும் அழிக்கற ஆள் இல்ல."

ஆனாலும் புத்தி போகுமா? ஒரு கேள்வி மிச்சம் இருந்தது, அதைக் கேட்காமல் விட என்னால் முடியவில்லை.

"ரெண்டு புதன்கிழமையா உங்களை மொட்டைமாடிலேருந்து பாத்தேன் மாப்ள. நாணல் கிட்ட குனிஞ்சு ஏதோ பண்ணிட்டிருந்தீங்க. உங்களைப் படம் புடிக்கத்தான் இன்னைக்கு லென்ஸ் வாங்கவே போனேன்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். பத்து மாசம் கழித்து அந்தச் சிரிப்பு. "கம்பைப் புடுங்கித் தள்ளி நட்டுட்டு இருந்தேன் மச்சான். சேத்துல ஒரு தரத்துல நிக்கல, சாஞ்சுடுச்சு, அடுத்த வாரமும் போய் ஆழமா அடிச்சேன். இப்ப அம்பது மீட்டர்ல நிக்குது. முட்டை வெச்சாச்சு, நீங்க எப்படியும் ஒரு நாள் வந்து நிப்பீங்கன்னு தெரியும். உங்க பழைய லென்ஸுக்கு அம்பது எட்டாதே, மறுபடி ஊர ஆரம்பிச்சுடுவீங்களேன்னுதான் ஒரே கவலை."

நான் தோளிலிருந்த பையை மேஜைமேல் வைத்தேன். மாவு பறந்தது. அவர் ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்தார். நான் அங்கே இருந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், நன்றாகவே அழுதேன்.

"அண்ணா" என்றாள் தங்கை. குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. "எழுந்திரு. அது நாளைக்குப் போடற மாவு. டீ போடறேன், குடிச்சிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்குப் போனோம். கம்பு புது இடத்தில் நேராக நின்றது, துணியும் புதுசு. அதற்குப் பின்னால் முக்காலியைப் போட்டு நாலு கிலோவையும் மாட்டினேன். ஒரு படம் எடுத்து, கேமரா எழுதி வைத்த ஃபோகஸ் தூரத்தை நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஐம்பத்தோரு மீட்டர் காட்டியது. மாப்பிள்ளை பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணை வைத்தேன். பறவை கூட்டில் உட்கார்ந்திருந்தது, கண்ணின் ஓரம்வரை தெளிவாக. அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எங்களை அது பார்க்கவும் இல்லை. பிறகு மெதுவாக எழுந்து நின்றது. உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"நான் நகரலை மாப்ள" என்று கிசுகிசுத்தேன்.

"தெரியும் மச்சான்" என்றார். கையை விடவில்லை.

பறவை ஓர் ஈர இலையை அலகால் இழுத்து முட்டைமேல் போட்டது. இன்னொன்றை இழுத்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக, நான்கு முட்டையும் மறையும்வரை போட்டு மூடியது. அப்புறம்தான் தண்ணீரில் இறங்கியது.